‘எங்கட பக்கம் எல்லாம் சரி’: மாணவர் செயற்றிட்டங்கள் உடையும் இடங்கள்

பொறியியல் மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பாடசாலைக்கோ கோயிலுக்கோ முதியோர் இல்லத்துக்கோ உண்மையாகவே பயன்படும் ஒன்றைச் செய்துகொடுக்கும் செயற்றிட்டங்கள் கொழும்பில் பெருகியிருப்பது நல்ல விஷயம். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014 இல், பொறியியல் பட்டப்படிப்புகளின் தரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. குழுவாக வேலை செய்தல், தொடர்பாடல், செயற்றிட்ட முகாமை ஆகியவற்றையும் பட்டதாரி கற்றிருக்க வேண்டும் என்பது அந்த உடன்படிக்கையின் எதிர்பார்ப்பு. வகுப்பில் உட்கார்ந்து அவற்றைக் கற்க முடியாது.

ஆனால் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்கள், முன்னால் போனவர்கள் விழுந்த அதே குழியில் விழுகிறார்கள். நேரத்துக்கு வராதது, அறிக்கையைக் கடைசி இரவில் எழுதுவது போன்றவற்றைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதவை மட்டும் இங்கே. உதாரணத்துக்கு ஒரே வேலையை எடுத்துக்கொள்வோம்: பாடசாலை ஒன்றின் மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவி.

அளக்காமல் வரைவது

கடைக்காரர் ‘ஒரு இஞ்சிக் குழாய்’ என்றால் அதன் வெளிவிட்டம் 25 மில்லிமீற்றர் அல்ல. 32, 33 வரும். அதை நம்பி வரைந்த பிடி குழாயில் ஏறாது. முதல் நாளே வேர்னியரையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். தாங்கி மூடியின் தடிப்பு, மூடியிலிருந்து வழிகுழாய் (நிறைந்தால் தண்ணீர் வெளியே வழியும் குழாய்) வரை எவ்வளவு ஆழம், மோட்டாருக்கும் தாங்கிக்கும் இடையே வயர் போகும் பாதையின் நீளம் ஆகிய மூன்றும் இல்லாமல் திரும்பி வரவேண்டாம். படம் எடுத்தால் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுங்கள்.

இடையில் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாமல் போவது

எத்தனை வருடம் பார்த்தாலும் எரிச்சல் குறையாத தவறு இது. அதிகக் காசையும் காலத்தையும் தின்பதும் இதுதான்.

குழு வேலையை மூன்றாகப் பிரிக்கிறது. ஒருவர் சென்சரும் சுற்றும், ஒருவர் பெட்டியும் பொருத்தலும், ஒருவர் மென்பொருள். பிறகு பன்னிரண்டு வாரம் மூவரும் தனித்தனியாக உழைக்கிறார்கள். நடுவில் யாராவது கேட்டால் வரும் பதில்: “ஓம் மச்சான், எங்கட பக்கம் எல்லாம் சரி.” அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவருடைய பக்கமும் சரிதான். பக்கத்துக்கும் பக்கத்துக்கும் இடையில் இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

மாடியில் நடப்பது இதுதான். மென்பொருள் எழுதியவர் மேசையில் வைத்துப் பரிசோதித்தது சாதாரண எச்.சி. வகை அல்ட்ராசோனிக் சென்சர், அதாவது ஒலியலை அனுப்பி எதிரொலியால் தூரத்தை அளப்பது. அது 2 சென்றிமீற்றர் தூரத்தைக்கூட அளக்கும். தாங்கிக்குள் ஈரம் என்பதால் சுற்றுக்குப் பொறுப்பானவர் நீர்புகாத ஜே.எஸ்.என். வகையை வாங்கினார். சரியான முடிவு. ஆனால் அந்த வகைக்கு முன்னால் ஏறத்தாழ 20 முதல் 25 சென்றிமீற்றர் வரை குருட்டு வலயம் உண்டு. அதற்குள் வரும் பொருளை அதனால் சரியாக அளக்க முடியாது. பொருத்தலுக்குப் பொறுப்பானவர் மூடியில் துளை போட்டு, மூடியோடு ஒட்டியபடி சென்சரை நேர்த்தியாக இறுக்கினார். வழிகுழாய் மூடியிலிருந்து 15 சென்றிமீற்றர் கீழே. நிரலில் இருப்பதோ ‘தூரம் 18 ஆனதும் மோட்டாரை நிறுத்து’.

தண்ணீர் ஏறுகிறது. 25 வரை இலக்கம் ஒழுங்காகக் குறைகிறது. அதன் பிறகு ஒன்றில் அதே இலக்கத்தில் நிற்கிறது, அல்லது தாறுமாறாகத் துள்ளுகிறது. 18 வருவதே இல்லை. வழிகுழாயால் தண்ணீர் கொட்டுகிறது, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூவரும் தத்தம் பகுதியைத் திரும்பத் திரும்பச் சோதிக்கிறார்கள். ஒன்றிலும் பிழை இல்லை.

இதே இடைவெளியில் வேறு நாலும் ஒளிந்திருக்கும்.

சென்சரின் எக்கோ பின் (எதிரொலிச் சைகை வெளிவரும் கால்) 5 வோல்ற் அனுப்புகிறது; நிரல் ஓடும் சிறு கணினிச் சில்லான ஈ.எஸ்.பி. 32 இன் பின் தாங்குவது 3.3 வோல்ற். இடையில் 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் தடைகளைக் கொண்டு வோல்ற்றளவைப் பிரிக்க வேண்டும். 20 கிடைக்காவிட்டால் 10 இரண்டைத் தொடராகப் போடுங்கள். பிரிக்காமல் நேரே கொடுத்தால் சில நாள் வேலை செய்யும். சில நாள் செய்வதுதான் ஆபத்து, ஏனென்றால் அதை எல்லோரும் ‘சரி’ என்று எழுதிவிடுவார்கள்.

ரிலே என்பது சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிச். ரிலே போர்ட் பலவற்றில் பின்னின் வோல்ற்றளவு தாழ்ந்தால்தான் ரிலே இழுக்கும். மேசையில் எல்.ஈ.டி. வைத்துச் சோதித்தவர் பின் உயர்ந்தால் ‘ஓன்’ என்று எழுதியிருப்பார். ஈ.எஸ்.பி. 32 இன் சில பின்கள் பூட் ஆகும் கணத்தில் தாமாகவே துடிக்கவும் செய்யும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் யாரும் கேட்காமல் மோட்டார் ஒருமுறை உதறுவது இவற்றால்தான்.

வைபை இயங்கும்போது ஈ.எஸ்.பி. 32 இல் ஏ.டி.சி. 2 என்ற தொகுதியின் பின்களில் அனலொக் வோல்ற்றளவை வாசிக்க முடியாது. தனியாகச் சோதித்த பகுதி வைபையோடு சேர்த்ததும் ஊமையாவது அதனால்.

வயர் அறுந்தால் எதிரொலி வராது. தூரத்தை அளக்கும் வழமையான கட்டளை பூச்சியத்தைத் திருப்பித் தரும். ஒருவர் பூச்சியத்தை ‘இரைச்சல்’ என்று வடிகட்டி, கடைசி நல்ல இலக்கத்தை வைத்துக்கொள்ளும்படி எழுதியிருப்பார். அப்படியென்றால் வயர் அறுந்த தாங்கி என்றைக்கும் பாதி நிறைந்த தாங்கியாகவே தெரியும். மோட்டார் நிற்காது.

பெரிய இடங்களும் இதிலிருந்து தப்பவில்லை. ஏர்பஸ் ஏ380 விமானத்தில் சுமார் 530 கிலோமீற்றர் வயர் இருக்கிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் ஒரு பதிப்பும் பிரான்சின் துலூசில் வேறு பதிப்புமாக வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தியதில், செய்து கொண்டுவந்த வயர்க் கட்டுகள் விமான உடலுக்குள் பொருந்தவில்லை. 2006 இல் அறிவிக்கப்பட்ட தாமதங்களுக்கு அது முக்கிய காரணம். உங்கள் குழுவிலும் ஒருவர் வடிவமைப்பு மென்பொருளான சொலிட்வேர்க்ஸின் புதிய பதிப்பில் சேமித்ததை மற்றவரின் பழைய பதிப்பு திறக்காது. பதிப்பை முதல் வாரமே முடிவு செய்யுங்கள்.

மருந்து ஒரு தாள். பெயர் ‘இணைப்புத் தாள்’ என்று இருக்கட்டும். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: எங்கிருந்து எங்கே, எத்தனை வோல்ற், என்ன அலகு, எதிலிருந்து எது வரை, எந்தக் கனெக்டர், எந்த நிற வயர், பழுதானால் எந்த நிலைக்குப் போக வேண்டும். தாங்கி உதாரணத்தில் முதல் வரி இப்படி இருக்கும்: ‘நீர்மட்டத் தூரம், சென்சரிலிருந்து நிரலுக்கு, மில்லிமீற்றர், 300 முதல் 1200 வரை மட்டும் நம்பலாம், அதற்கு வெளியே எது வந்தாலும் மோட்டார் நிற்கும்.’ இந்த வரியை மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தால், 300 என்ற இலக்கத்தைக் கண்டதும் பொருத்துபவர் கேட்டிருப்பார்: “அப்ப 150 இல தண்ணி நிக்கிறதை எப்பிடிப் பார்க்கிறது?” துளை போட முன்பே விடை தேடியிருப்பார்கள். நல்ல விடை, மேல்மட்டத்துக்கு ஒரு மிதவைச் சுவிச். அல்ட்ராசோனிக் மட்டத்தைக் காட்டட்டும். மோட்டாரை நிறுத்தும் பொறுப்பு மிதவைக்கு, அதுவும் நிரலை நம்பாமல், மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிச்சான கொன்டாக்டரின் சுருளோடு தொடராக. நிலத்தடித் தொட்டியிலும் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மோட்டார் காற்றில் ஓடி எரியும்.

தாளின் ஒவ்வொரு வரியிலும் இரண்டு கையெழுத்து: கொடுப்பவர், வாங்குபவர். மாற்றினால் இருவரும் திரும்பக் கையெழுத்திட்டுத் திகதி போட வேண்டும். தாள் மட்டும் போதாது. மூன்றாம் வாரமே எல்லாவற்றையும் மேசையில் தொடுத்துப் பாருங்கள். சென்சர் வரவில்லையா, அதற்குப் பதில் ஒரு பொத்தான். மோட்டாருக்குப் பதில் ஒரு 12 வோல்ற் பல்ப். அசிங்கமாக இருக்கட்டும், ஆனால் முனையிலிருந்து முனை வரை ஓடட்டும். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரு போலியை எடுத்துவிட்டு உண்மையானதை வையுங்கள். அந்த வாரம் எது உடைந்தாலும், மாற்றியது ஒன்றுதான் என்பதால் குற்றவாளி கையிலேயே இருப்பான்.

நீல ரிலேயில் மோட்டாரைக் கொழுவுவது

ரிலே போர்ட்டில் இருக்கும் அந்தச் சிறிய நீலப் பெட்டியின் மேல் 10 அம்பியர் என்று அச்சிட்டிருக்கும். ஒரு குதிரைவலு மோட்டார் 230 வோல்ற்றில் ஐந்தாறு அம்பியர் எடுக்கும். ஆனால் தொடங்கும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு. சில வாரத்தில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும், பிறகு நிரல் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே கொன்டாக்டரை இழுக்கட்டும், கொன்டாக்டர் மோட்டாரை இழுக்கட்டும், கூடவே, மோட்டார் அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோட். மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத சுற்றில் கைவைக்கக் கூடாது. 230 வோல்ற் வயரிங்கைத் தகுதிபெற்ற எலெக்ட்ரீசியன் செய்யட்டும். பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

முடிவுகளைக் குரல் செய்தியில் விடுவது

எழுத்தில் இல்லாத முடிவு, எடுக்காத முடிவு.

போயாவை மறப்பது

ஒப்படைக்கும் வாரத்தில் உதிரிப்பாகம் வாங்கப் புறக்கோட்டைக்கு ஓடும் குழு, பௌர்ணமி விடுமுறையான போயாவில், கடைகள் பூட்டியிருக்கும் நாளில்தான் போய் நிற்கும். சென்சர், ரிலே, கனெக்டர் எல்லாம் முதலிலேயே இரண்டிரண்டாக.

அதிபரிடம் மட்டும் கேட்பது

அனுமதி தருவது அதிபர். ஆனால் இன்றைக்குக் காலை ஐந்தரைக்கு அந்த மோட்டாரைப் போடுவது காவலாளி. தாங்கி நிறைந்ததை அவர் எப்படி அறிகிறார், எந்த மாதத்தில் தண்ணீர் அமுக்கம் குறைகிறது, போன முறை மோட்டார் எப்படி எரிந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவரோடு அரை மணித்தியாலம் இருங்கள். “ஐயா, இது பழுதானா நீங்க என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். கருவியைத் தாண்டி மோட்டாரைக் கையால் இயக்க ஒரு சுவிச் வேண்டும் என்பது அந்தப் பதிலில்தான் வரும். பெட்டியின் மேல் உள்ள பெயர்கள் சிங்களத்திலும் தமிழிலும் இருக்கட்டும்.

ஒப்படைத்த அன்றே மறைவது

நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள், கடற்காற்று போகாது. வெள்ளவத்தைப் பக்கம் மாடியில் திறந்திருக்கும் செப்பு முனை சில மாதத்தில் பச்சை பிடிக்கும். வயர்கள் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக, வயரைச் சுற்றி இறுக்கி ஈரத்தைத் தடுக்கும் கிளாண்ட் வழியாக நுழையட்டும். பெட்டிக் கதவின் உட்புறத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் வைக்க வேண்டியவை: சுற்றுப்படம், இணைப்புத் தாளின் கடைசிப் பதிப்பு, நிரல் இருக்கும் இடம், வைபை மாறினால் செய்ய வேண்டிய படிகள், மேலதிக பியூஸ் இரண்டு. ஒப்படைக்கும் நாளில் நீங்கள் தள்ளி நின்று, அந்தத் தாளை மட்டும் பார்த்துக் காவலாளியை ஒருமுறை பியூஸ் மாற்றச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ, அந்த வரியை அங்கேயே திருத்தி எழுதுங்கள்.