பிளவு நியூட்ரான், காமா கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்கு அணுக்கருப் பிளவை, அதாவது கனமான அணுக்கரு இரண்டாக உடைந்து நியூட்ரான்களையும் காமா கதிர்களையும் வீசுவதை, எடுப்பவருக்கு முதலில் கைகொடுப்பது லேப்டாப்தான். கல்பாக்கம் ஈசிஆரிலேயே இருந்தாலும், நினைத்த நேரத்தில் உள்ளே போய் அளந்துவிட்டு வர முடியாது. சிமுலேஷனில் தொடங்குவதில் தப்பில்லை. அது தரும் சராசரியை அப்படியே நம்புவதுதான் வம்பு.

தானாகவே பிளக்கும் கலிஃபோர்னியம் 252-இல் ஒரு பிளவுக்குச் சராசரியாக 3.76 நியூட்ரான்கள் வரும். ஒரு பிளவில் ஒன்றுமே வராது, இன்னொன்றில் ஏழு கூட வரும். துகள்களின் பயணத்தைக் கணக்கிடும் எம்சிஎன்பி நிரலை அதன் இயல்பு அமைப்பிலேயே ஓட்டினால், நியூட்ரான் தூண்டும் பிளவு ஒவ்வொன்றுக்கும் சராசரியை ஒட்டிய இரண்டு முழு எண்களில் ஒன்றை மட்டுமே போட்டுச் சராசரியைச் சரிக்கட்டிவிடும். ரியாக்டர் கணக்குக்கு அது போதும். இரண்டு டிடெக்டர்களில் ஒரே நேரத்தில் விழுவதை எண்ணப் போகிறீர்கள் என்றால் போதவே போதாது.

திசையும் அப்படித்தான். பிளவுத் துண்டங்கள் நானோ வினாடிக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் எதிரெதிராக ஓடுகின்றன. நியூட்ரான்கள் பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான் வெளியேறுகின்றன. அதனால் இரண்டு நியூட்ரான்கள் ஒரே பக்கமாகவோ நேர் எதிராகவோ போவது அதிகம், செங்குத்தாகப் பிரிவது குறைவு. எல்லாத் திசையிலும் சமம் என்று வைத்தால் இது காணாமல் போகும். ஃப்ரேயா, சிஜிஎம்எஃப் போன்ற கணினி நிரல்கள் ஒவ்வொரு பிளவையும் தனித்தனியாகக் கணக்கிடுகின்றன. எம்சிஎன்பி 6.2-இலேயே இரண்டும் உண்டு, கேட்டால்தான் இயங்கும்.

அப்புறம் காமா. பிளவுக்குச் சுமார் எட்டு என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிளவுக்குப் பிறகு எத்தனை நானோ வினாடிக்குள் (நேர ஜன்னல்), எத்தனை கேஇவி ஆற்றலுக்கு மேல் (த்ரெஷோல்டு) எண்ணினீர்கள்? இது இல்லாத எண்ணை வேறொருவர் எண்ணோடு ஒப்பிடவே கூடாது. பிளவில் பிறக்கும் டெல்லூரியம் 134-இன் ஒரு கிளர்நிலைக்கு அரை ஆயுள் 164 நானோ வினாடி. அதிலிருந்து வரும் 1279 கேஇவி காமா, 10 நானோ வினாடி ஜன்னல் வைத்தவருக்கு அநேகமாகத் தெரியாது, ஒரு மைக்ரோ வினாடி வைத்தவருக்கு நன்றாகத் தெரியும். இருவரும் அளந்தது சரிதான்.

காமாவை அளக்க லாந்தனம் புரோமைடு படிகம் வைத்திருப்பவர்கள் 1436 கேஇவி உச்சியைப் பார்த்துக் குதிக்க வேண்டாம். அது படிகத்துக்குள்ளேயே இருக்கும், இயற்கையாகவே கதிரியக்கமுள்ள லாந்தனம் 138. கதிர்வீச்சு மூலத்தை எடுத்துவிட்டு ஓட்டினாலும் அங்கேயே நிற்கும். நியூட்ரான்களும் படிகத்தில் மோதிக் காமாபோலவே துடிப்பு தரும். 30 செ.மீ. தூரத்துக்குக் காமாவுக்கு 1 நானோ வினாடி, 2 எம்இவி நியூட்ரானுக்குச் சுமார் 15. நேரத்தை வைத்துப் பிரித்துவிடலாம்.

மூலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிசியம்-பெரிலியம் நியூட்ரான் தரும், ஆனால் பிளவால் அல்ல. அதன் நிறமாலை சுமார் 11 எம்இவி வரை நீளும், கூடவே 4.4 எம்இவி காமா வேறு. அதில் பிளவு நிறமாலையைத் தேடிப் பயனில்லை. கலிஃபோர்னியத்திலும் சிதைவுகளில் சுமார் 3 சதவீதம்தான் பிளவு, மற்றது ஆல்ஃபா. மூலத்தின் சான்றிதழில் உள்ள பெக்கரல் எண்ணை (வினாடிக்கு எத்தனை சிதைவு என்பது) அப்படியே பிளவு வீதமாகப் போட்டால் முப்பது மடங்குக்கு மேல் தப்பும். அரை ஆயுள் 2.645 ஆண்டு என்பதால் சான்றிதழின் தேதியும் முக்கியம்.

எல்லாவற்றிலும் தந்திரமான தவறு குறுக்குச் சிதறல். ஒரே நியூட்ரான் ஒரு சிண்டிலேட்டரில் (கதிர் பட்டால் ஒளிரும் டிடெக்டரில்) மோதி, பக்கத்து சிண்டிலேட்டருக்குள்ளும் நுழைந்தால் இரண்டு நியூட்ரான்கள் வந்ததாகப் பதிவாகும். அதுவும் சிறிய கோணத்தில், அதாவது நாம் தேடும், ஒரே பக்கமாகப் போகும் ஜோடிகளின் மிகுதி எங்கே இருக்க வேண்டுமோ சரியாக அங்கேயே. அழகான வரைபடம் வந்துவிடும், கைடும் சந்தோஷப்படுவார். அடுத்தடுத்த டிடெக்டர் ஜோடிகளை விட்டுவிடுங்கள், அல்லது நடுவே தடுப்பு வையுங்கள். சிமுலேஷனிலும் டிடெக்டர்களையும் தரையையும் சுவரையும் வரைந்து, அளவீட்டில் வைத்த அதே த்ரெஷோல்டையும் அதே நேர ஜன்னலையும் வையுங்கள். வைவாவில் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும்.