போர்க்கதைக்கு ஓர் எதிர்நாயகனை உருவாக்குவது எப்படி? தொடக்கநிலை எழுத்தாளர்களுக்கான செய்முறை

இராணுவ அதிரடிக் கதை எழுத உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் நாயகனின் துப்பாக்கியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் கதையின் நாயகன் ஒரே மேகசினை, அதாவது துப்பாக்கியில் செருகும் ஒரே தோட்டாக் கூட்டை வைத்துக்கொண்டு மூன்று பக்கங்களுக்குச் சுட்டான். தோளில் குண்டு பாய்ந்த பிறகும் மதிலேறிக் குதித்தான். கடைசியில் யாருக்கும் பதில் சொல்லாமல் அந்திச் சூரியனை நோக்கி நடந்து போனான். படித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவன் யாருக்காவது எதற்காவது கடன்பட்டிருக்கிறானா?" அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தொல்காப்பியம் அகப்பாடலைப் பற்றிப் பேசுமிடத்தில் நாடக வழக்கு (புனைந்து சொல்வது), உலகியல் வழக்கு (உலகில் நடப்பது) என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. இன்று "டிரோப்" என்று அழைக்கப்படும் கதைக்கூறுகளுக்கு நாடக வழக்கு என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. பலரும் கையாண்டார்கள் என்பதால் ஒரு நாடக வழக்கு கெட்டுப்போவதில்லை. அதன் அடியில் கிடக்கும் உலகியலை எழுதுபவர் மறக்கும்போது அது வெறும் சட்டையாகிவிடுகிறது. எதிர்நாயகன் என்பவன் வில்லனும் அல்லன். அவன் எதற்காகச் செய்கிறான் என்பது நமக்குப் புரிகிறது, ஆனால் எப்படிச் செய்கிறான் என்பதை நம்மால் ஏற்க முடிவதில்லை. அந்த இடைவெளியில்தான் கதை நிகழ்கிறது.

படி 1: ஆணையை எழுதுங்கள்

இவ்வகைக் கதைகளின் மிகப் பழகிய வழக்கு, தன் அரசால் கைவிடப்பட்ட வீரன். புதியவர்கள் அதை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "அவர்கள் அவனை ஏமாற்றினார்கள்." யார், எந்த ஆணையால், எந்தத் தேதியில் என்று கேட்டால் எழுதியவரிடமே விடை இருப்பதில்லை. எனவே முதல் வேலையாக, கதையில் இடம்பெறாவிட்டாலும் பரவாயில்லை என்று எண்ணி, அந்த ஆணையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கொடுத்தவர் பதவி என்ன, வாய்மொழியா எழுத்தா, அதைக் கேட்டதும் நாயகன் என்ன செய்தான், பிறகு வந்த அறிக்கையில் என்ன எழுதப்பட்டது ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும்.

உலகியலில் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. 2007 செப்டம்பர் 16 அன்று பாக்தாதின் நிசூர் சதுக்கத்தில், பிளாக்வாட்டர் என்ற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தின் காவலர்கள் சுட்டதில் 17 ஈராக்கியப் பொதுமக்கள் இறந்தார்கள். நால்வரைக் குற்றவாளிகள் என அமெரிக்க நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது; 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அவர்களுக்கு மன்னிப்பு வழங்கினார். இராணுவத்தை விட்டு ஒப்பந்தக் காவலுக்குப் போன முன்னாள் வீரன் இன்றைய கதைகளில் அடிக்கடி தலைகாட்டுவதற்கு இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளே காரணம் என்று நான் நினைக்கிறேன். அவன் சீருடைக்கு வெளியே இருக்கிறான், ஆனால் துப்பாக்கி மட்டும் கையில் இருக்கிறது.

பயிற்சிக்காக நாம் ஒரு கற்பனைப் பாத்திரத்தை வைத்துக்கொள்வோம்: ஈராக்கில் வாகன அணிக்குக் காவல் போன ஒரு முன்னாள் சார்ஜென்ட். அணியில் இருந்த வேறொருவன் ஒரு காரை நோக்கிச் சுட்டுவிடுகிறான். நம் சார்ஜென்ட் சுடவில்லை. ஆனால் அந்தக் காரிலிருந்துதான் முதலில் சுட்டார்கள் என்று மேலாளர் தட்டச்சுச் செய்து நீட்டிய அறிக்கையில் கையெழுத்திடுகிறான். அவனுடைய கடன் அந்தக் கையெழுத்து.

படி 2: காயத்தைத் தேர்ந்தெடுங்கள்

கொல்லப்பட்ட மனைவி, குழந்தை, மங்கலான நினைவுக்காட்சி ஆகியவை இரண்டாவது வழக்கு. 1974-இல் மார்வெல் காமிக்ஸில் அறிமுகமான பனிஷர், குற்றக்கும்பலிடம் குடும்பத்தைப் பறிகொடுத்த வியட்நாம் போர் வீரன். அவனுக்குப் பிறகு இந்த அச்சில் வார்க்கப்பட்டவர்களை எண்ணி முடிக்க இயலாது. இதில் எனக்குள்ள குறை என்னவென்றால், இறந்தவர்கள் அனைவரும் நாயகனின் கோபத்துக்கு எரிபொருளாக மட்டுமே வந்து போகிறார்கள், அவன் மீது எந்தக் குற்றமும் மிஞ்சுவதில்லை.

போருக்குப் பிந்தைய மனநெருக்கடியை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-இல்தான் தன் நோய்ப்பட்டியலில் தனிப் பெயருடன் சேர்த்தது. ஜொனாதன் ஷே என்ற மனநல மருத்துவர், வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த பட்டறிவை கிரேக்கக் கவி ஹோமரின் காவிய வீரன் அக்கிலீசோடு ஒப்பிட்டு 1994-இல் ஒரு நூல் எழுதினார். பெரும் ஆபத்து நிறைந்த வேளையில், அதிகாரம் உள்ளவரே அறத்தை மீறுவதைப் பார்க்கும்போது வீரனுக்குள் உண்டாகும் சிதைவை அவர் அறக்காயம் என்ற பொருளில் விளக்கினார். நமக்குப் பாரதத்தில் அசுவத்தாமன் இருக்கிறான்: தந்தை துரோணர் ஒரு பொய்யால் ஆயுதத்தைக் கீழே வைத்துக் கொல்லப்பட்டார் என்ற காயம், உறங்குபவர்களை இரவில் வெட்டும் வரை அவனைக் கொண்டுபோனது. காயம் உண்மையானது, செயல் மன்னிக்க முடியாதது என்ற இரண்டும் ஒருங்கே நிற்கும் இடம் அது.

ஆகவே நாயகனுக்குப் பிறர் செய்த தீங்கை மட்டும் எழுதாதீர்கள். அவன் பார்த்துக்கொண்டு நின்ற ஒன்றையோ, உடன்பட்ட ஒன்றையோ காயத்தின் நடுவில் வையுங்கள். நம் சார்ஜென்ட்டுக்குப் பேனாவைத் தொடும்போது கை நடுங்குகிறது என்றால், மங்கலான நினைவுக்காட்சி ஒன்றுகூடத் தேவைப்படாது.

படி 3: அவனுக்கென்று ஒரு விதி

"பெண்களையும் குழந்தைகளையும் தொடமாட்டேன்" என்று எதிர்நாயகன் சூளுரைப்பதை வாசகர்கள் பெருந்தன்மையாக எண்ணும்படி எழுதுகிறார்கள். போரில் ஈடுபடாதவர்களைத் தாக்கக் கூடாது என்பது 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களிலும் 1977-ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறைகளிலும் உள்ள சட்டம். அதைக் கடைப்பிடிப்பதற்கு யாரும் மாலை போட வேண்டியதில்லை. அவன் விதி அவனுடைய கடனிலிருந்து பிறக்கட்டும். நம் சார்ஜென்ட் தான் கண்ணால் காணாத எதையும் உண்மையென்று சொல்லமாட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள்; பிறகு, அந்த விதியைக் காத்தால் ஓர் உயிர் போகும் என்ற கட்டத்தைக் கதையின் நடுப்பகுதியில் அமையுங்கள்.

படி 4: துணைப் பாத்திரங்கள்

இதை விரைவாகக் கடந்துவிடலாம். பையில் காதலியின் படத்தை வைத்திருக்கும் இளம் வீரன் இறந்துவிடுவான் என்பது படத்தை எடுக்கும்போதே வாசகருக்குத் தெரியும். படத்தை நீக்கிவிடுங்கள், அல்லது அவனைப் பிழைக்க விடுங்கள். "அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது" என்று பிறரை எச்சரிக்கும் பழைய கர்னல், நாயகனின் பெருமையை ஒப்பிப்பதற்காக மட்டும் வந்தால் வேண்டாம். அவருக்கும் அந்த ஆணையில் பங்கு இருந்தால் வரட்டும். எதிரி "நீயும் நானும் ஒன்றுதான்" என்று வசனம் பேசினால், அதை அடித்துவிட்டு அந்த ஒற்றுமையைச் செயலில் காட்டுங்கள்.

படி 5: உடலும் ஆயுதமும்

உலகியல் வழக்கு மிக எளிதாகத் தோற்கும் இடம் இது. அமெரிக்கப் படைகளின் எம்4 துப்பாக்கிக்கு வழக்கமான மேகசினில் 30 தோட்டாக்கள். தொடர்சூட்டில் அதன் வேகம் நிமிடத்துக்கு 700 முதல் 950 வரை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: விசையை அழுத்தியபடியே இருந்தால் இரண்டு, இரண்டரை வினாடிக்குள் மேகசின் காலியாகிவிடும். அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள் ஒவ்வொரு தோட்டாவாகச் சுடுகிறார்கள். மூன்று பக்கச் சூடு எழுதிய எனக்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கு போதுமான தண்டனையாக இருந்தது.

சைலன்சர் பொருத்தினால் இருமல் அளவுக்குத்தான் ஓசை வரும் என்பது வெறும் நாடக வழக்கு. அத்தகைய துப்பாக்கியின் வெடியோசை ஏறத்தாழ 160 டெசிபெல். சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும், எஞ்சுவது இன்னமும் காதைப் பிளக்கும் ஓசைதான். எம்67 கையெறிகுண்டு ஏறக்குறைய 400 கிராம் எடை கொண்டது, பிடியை விட்ட நான்கைந்து வினாடிகளில் வெடிக்கும். அதன் ஊசியைப் பல்லால் கடித்து இழுக்க முயன்றால் முதலில் இழப்பது பல்லாகத்தான் இருக்கும்.

தோளில் குண்டு பாய்வதைச் சிறு காயம்போல் எழுதும் பழக்கமும் ஒழிய வேண்டும். கைக்குப் போகும் பெரிய இரத்தக்குழாயும் நரம்புப் பின்னலும் அந்த வழியாகத்தான் செல்கின்றன. பிழைத்தாலும் அந்தக் கை பழையபடி வேலை செய்யாமல் போகலாம். இந்தத் தடைகள் கதையைச் சுருக்குவதில்லை. மூன்று தோட்டாக்களோடு, காதில் ஓயாத இரைச்சலோடு, ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க வேண்டியவனின் காட்சியை எழுதிப் பாருங்கள், பதற்றம் தானாக வரும்.

படி 6: சித்திரவதைக் காட்சி

நாயகன் ஒருவனை நாற்காலியில் கட்டி இரண்டு நிமிடம் வதைக்கிறான், உடனே உண்மை வெளிவருகிறது, அடுத்த காட்சியில் குண்டு செயலிழக்கச் செய்யப்படுகிறது. எல்லா வழக்குகளிலும் நான் மிகவும் வெறுப்பது இதுதான், ஏனெனில் இது எதிர்நாயகனின் இருண்ட பக்கத்தைக் காட்டுவதாகப் பாவனை செய்து அவனுக்குப் பரிசு வழங்குகிறது. சி.ஐ.ஏ.வின் விசாரணை முறைகளை ஆராய்ந்த அமெரிக்க செனட்டின் உளவுத்துறைக் கண்காணிப்புக் குழு, அவை தகவல் பெறுவதற்குப் பயனுள்ள வழியாக இருக்கவில்லை என்று 2014 டிசம்பரில் வெளியிட்ட சுருக்க அறிக்கையில் முடிவு கூறியது. உங்கள் நாயகன் அந்த எல்லையைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டப்பட்டவன் வலி தாங்காமல் ஒரு பொய்யைச் சொல்லட்டும். நாயகன் அதை நம்பித் தவறான வீட்டுக்குப் போகட்டும். கண்ணால் காணாததை உண்மையென்று சொல்லாதவனாகிய நம் சார்ஜென்ட், அந்த வீட்டு வாசலில் நிற்கும்போது இரண்டாவது முறையாகக் கடன்படுகிறான்.

படி 7: முடிவு

டேவிட் மொரெல் 1972-இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் பிளட்' நாவலில், வியட்நாமிலிருந்து திரும்பிய வீரனான ராம்போ இறந்துவிடுகிறான். அவனை முடிப்பவர் அவனை உருவாக்கிய இராணுவப் பயிற்சியின் தலைவரான ட்ராட்மன். 1982-இல் வந்த திரைப்படத்துக்கும் அவன் இறக்கும் முடிவு ஒன்று படமாக்கப்பட்டது, ஆனால் முன்னோட்டக் காட்சியின் பார்வையாளர்கள் அதை விரும்பவில்லை என்பதால் அவன் கைதாகி உயிரோடு போகும்படி மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தால் தொடர்ச்சிப் படங்கள் கிடைத்தன; நாவலில் இருந்த கணக்கு, உருவாக்கியவரே அழிக்க வேண்டி வருகிறது என்ற கொடுமை, படத்தில் இல்லாமல் போயிற்று. அந்தியில் நடந்து மறைவது, உயிர்த்தியாகம், அடுத்த பாகத்துக்கான தொலைபேசி அழைப்பு ஆகிய மூன்றும் கடனைத் தள்ளிப்போடும் முடிவுகள். தியாகத்தையும் நான் அந்தப் பட்டியலில் சேர்க்கிறேன் என்பதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இறந்தவனிடம் யாரும் கேள்வி கேட்க முடியாது.

நம் சார்ஜென்ட்டுக்கு வேறொரு முடிவு இருக்கிறது. அறையில் ஒரு மேசை, எதிரே அந்தக் காரில் தம்பியைப் பறிகொடுத்த ஒருவர், நடுவில் மொழிபெயர்ப்பாளர், மேசைமேல் எழுதப்படாத ஒரு தாள். அந்தத் தாளில் அவன் எழுதும் முதல் வரியை இன்றே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு முதல் அத்தியாயத்துக்குப் போங்கள்.