பதில் வராத நாட்களில் சாமியோடு பேசுவது எப்படி?

அம்மாவுக்குச் சிறுநீரகம் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனதிலிருந்து 'ஏன்?' என்று முருகனைக் கேட்காத நாளில்லை. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியெல்லாம் ஏறி மூச்சு வாங்க நின்று கேட்டாலும் சரி, வீட்டுச் சாமிமேடையில் கேட்டாலும் சரி, இதுவரை பதில் வரவில்லை. ஆனால் விளக்கேற்றுவதை நான் விடவில்லை. அது எப்படி என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

கோபம் இருந்தால் கோபமாகவே பேசுங்கள். சாமி குத்தம் ஆகிவிடுமே என்று பயந்து தேவாரத்தை மட்டும் பாடிவிட்டு வரவேண்டாம், அந்தத் தேவாரத்திலேயே திட்டு இருக்கிறதே! தேவாரம் பாடிய சுந்தரர், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி, திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்ணை இழந்தார். தப்பு அவர் பேரில்தான், இருந்தும் மனுஷன் விடவில்லை. திருவெண்பாக்கத்தில் போய்ச் சிவனிடம் 'கோயிலில் இருக்கிறீரா?' என்று கேட்டார். 'உளோம் போகீர்' என்று பதில் வந்தது. இருக்கிறோம், நீர் போம், அவ்வளவுதான். கண் கிடைக்கவில்லை, ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. அதை ஊன்றிக்கொண்டு போய்க் காஞ்சிபுரத்தில் இடக்கண் பெற்றார், வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது. அங்கே அவர் பாடிய 'வாழ்ந்து போதீரே' வாழ்த்து மாதிரிக் கேட்கும், ஆனால் 'நீயாவது நல்லா இரு' என்று நம் பாட்டிமார் வைவார்களே, அதே வசவுதான்.

அதனால் பதிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, உங்கள் கைக்கு வந்திருக்கும் கோல் எது என்று பாருங்கள். எனக்கு அது டயாலிசிஸ் நிலையத்து வாசலில் மனைவிக்காகக் காத்திருக்கும் ஒரு சீன அங்கிள். 'சுடா மாக்கான்?' (சாப்பிட்டாச்சா?) என்று மலாயில் கேட்டபடியே பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பியை நீட்டுவார், வேறு எதுவும் கேட்கமாட்டார்.

நேர்ந்துகொள்ளலாம், ஆனால் அதைச் சாமியோடு போட்ட ஒப்பந்தமாக நினைக்காதீர்கள். ஒரு தைப்பூசத்துக்கு நான் பால்குடம் எடுத்தேன், மறுவாரம் வந்த ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்குப் பொட்டாசியம் இன்னும் ஏறியிருந்தது. இரண்டு மாதம் கோயில் பக்கமே போகவில்லை.

முன்வினை, ஏழரைச் சனி என்று காரணம் சொல்ல வருகிறவர்களிடம் 'சரிங்கக்கா' என்று தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடம் மட்டும் கட்டாயம் சண்டை போடுங்கள்.

அப்புறம், ராத்திரி படுக்கும் முன் ஐந்து நிமிடம். பாட்டு வராவிட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்: இன்றைக்கு அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டார், மெஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கிவிட்டது, ஏன் இப்படிச் செய்கிறாய்? பாதி நாள் அந்தக் கேள்விக்கு வருவதற்குள் நான் தூங்கிவிடுவேன்.