ஸ்கிராட்ச் கேமில் பின்னணி இசை திக்காமல் ஓட

பிளாக்குகளை அடுக்கி கேம் செய்யும் ஸ்கிராட்ச்சில், பின்னணி இசையைப் பாத்திரத்தின் (ஸ்பிரைட்) கோடுக்குள் போடாதீர்கள். மேடையை (ஸ்டேஜ்) தேர்ந்தெடுத்து, கேமைத் தொடங்கும் பச்சைக் கொடி பிளாக்கின் கீழே, உள்ளே இருப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு 'ஃபாரெவர்', அதற்குள் 'பிளே சவுண்ட் அன்டில் டன்', இவ்வளவுதான்.

இந்த பிளாக் பாட்டு முடியும்வரை அடுத்த பிளாக்குக்குப் போகவே போகாது, அதனால் பாத்திரத்தை நகர்த்தும் கோடின் நடுவில் வைத்தால் பாட்டு ஓடும் நேரமெல்லாம் பாத்திரம் அப்படியே நிற்கும், தனியாக மேடையில் வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். 'ஸ்டார்ட் சவுண்ட்' பாட்டைத் தொடங்கிவிட்டு, முடியும்வரை காத்திராமல் அடுத்த பிளாக்குக்குப் போய்விடும்; அதனால் ஃபாரெவருக்குள் அதைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பாட்டு முதலிலிருந்தே ஆரம்பிக்கும், கடகடவென்று சத்தம்தான் வரும்.

குதிப்பது, காசு எடுப்பது மாதிரி சின்னச் சத்தங்களுக்கு இது வேண்டாம். அங்கே 'ஸ்டார்ட் சவுண்ட்'தான் சரி, ஏனென்றால் ஆட்டம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. பெசன்ட் நகர் கடற்கரையில் பிள்ளைகள் போனில் பிடித்த அலைச் சத்தத்தையே பின்னணியாக வைக்கலாம், அருமையாக இருக்கும். ஆனால் சவுண்ட்ஸ் பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள அமைதியை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் ஓர் இடைவெளி கேட்கும்.

கேம் ஓவரில் இசையை நிறுத்த, மேடைக்கு ஒரு பிராட்காஸ்ட் (செய்தி) அனுப்பி, அது வந்ததும் அங்கே 'ஸ்டாப் அதர் ஸ்கிரிப்ட்ஸ்' போட்டுவிட்டு அப்புறம் 'ஸ்டாப் ஆல் சவுண்ட்ஸ்' போடுங்கள்.