மாஸ்டடானில் சர்வர் மாறுவது எப்படி? பின்தொடர்வோரையும் கூட்டிக்கொண்டு போகும் வழி

மாஸ்டடான் ஒரே நிறுவனத்தின் தளம் அல்ல, தனித்தனி ஆட்கள் நடத்தும் பல சர்வர்கள் சேர்ந்த சமூக வலைத்தளம். எந்த சர்வரில் சேருவது என்று தெரியாமலேயே பலர் அதன் பக்கம் வராமல் இருக்கிறார்கள். அதற்காக நாள் கணக்கில் யோசிக்க வேண்டாம். ஏதாவது ஒன்றில் சேருங்கள், ஒத்துவரவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். 2019-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, மாறும்போது பின்தொடர்வோரும் கூடவே வந்துவிடுகிறார்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். உங்கள் பழைய பதிவுகள் வராது. அவை பழைய சர்வரிலேயே இருக்கும்.

புதிய கணக்கைத் தொடங்கும் முன் அந்த சர்வரின் ‘அபவுட்’ பக்கத்தைப் படியுங்கள். விதிகளைவிட முக்கியம், அவர்கள் தடுத்து வைத்திருக்கும் சர்வர்களின் பட்டியல். பல சர்வர்கள் அதை வெளிப்படையாகவே போட்டிருக்கும். உங்கள் நண்பர்கள் இருக்கும் சர்வர் அதில் இருந்தால் அவர்கள் உங்களோடு வர முடியாது. உங்கள் பழைய சர்வரே அதில் இருந்தால் மாறவே முடியாது.

வேலை முழுவதையும் பிரவுசரில் செய்யுங்கள். ஆப்பில் இதற்கான வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய கணக்கு ஒரு டேபிலும் புதியது இன்னொன்றிலும் திறந்திருக்கட்டும்.

முதல் வேலை பழைய கணக்கில். ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் ‘இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட்’ போய், நீங்கள் பின்தொடர்பவர்கள், பிளாக், மியூட், புக்மார்க், லிஸ்ட் எல்லாவற்றையும் சி.எஸ்.வி. (எளிய பட்டியல்) கோப்புகளாக இறக்கிக்கொள்ளுங்கள். பதிவுகளின் முழுத் தொகுப்பையும் அங்கேயே கேட்டுப் பெறலாம், 7 நாளுக்கு ஒரு முறை. அது உங்கள் கைவசம் இருக்கத்தான், புதிய சர்வரில் ஏற்ற முடியாது.

அடுத்து புதிய கணக்கில் அதே பக்கத்தின் ‘இம்போர்ட்’. பிளாக், மியூட் கோப்புகளை முதலில் ஏற்றுங்கள். தொல்லை கொடுத்தவர்கள் புது வீட்டுக்கு வந்து சேரும் முன்பே கதவு பூட்டியிருக்க வேண்டும். பிறகு நீங்கள் பின்தொடர்பவர்களின் கோப்பு. ‘மெர்ஜ்’ (இருப்பதோடு சேர்ப்பது), ‘ஓவர்ரைட்’ (இருப்பதை அழித்து மாற்றுவது) என இரண்டு வழி கேட்கும், ‘மெர்ஜ்’ தேர்ந்தெடுங்கள்.

இனி வருவதுதான் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம்.

மாறுவதற்கு இரண்டு கணக்கும் ஒன்றையொன்று சுட்டிக்காட்ட வேண்டும், அதுவும் சரியான வரிசையில். முதலில் புதிய கணக்கில் ‘அக்கவுன்ட்’ பக்கத்தின் கீழே, ‘மூவிங் ஃப்ரம் எ டிஃபரன்ட் அக்கவுன்ட்’ என்ற இடத்தில் பழைய முகவரியை முழுதாக (பெயர்@பழையசர்வர்) எழுதி மாற்றுப்பெயராகச் சேர்த்துவிடுங்கள். இதனால் எதுவும் நகராது, இது புதிய கணக்கின் சம்மதம் மட்டுமே. இந்தச் சம்மதம் தேவையில்லை என்றால் யார் வேண்டுமானாலும் தம் பின்தொடர்வோரைச் சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் கொட்டிவிடலாம்.

அதன் பிறகே பழைய கணக்குக்குப் போய் ‘மூவ் டு எ டிஃபரன்ட் அக்கவுன்ட்’ திறந்து, புதிய முகவரியையும் பழைய கணக்கின் கடவுச்சொல்லையும் கொடுத்து உறுதிசெய்யுங்கள். ‘இது இந்தக் கணக்கின் மாற்றுப்பெயர் அல்ல’ என்ற பொருளில் பிழை வந்தால், முந்தைய படியைத் தவறான கணக்கில் செய்திருக்கிறீர்கள், அல்லது முகவரியில் எழுத்துப்பிழை.

அதே பக்கத்தில், புதிய முகவரியைக் காட்டும் அறிவிப்பை மட்டும் சுயவிவரத்தில் போடும் ஒரு இணைப்பும் உண்டு. அதை அழுத்தினால் பின்தொடர்வோர் ஒருவர்கூட நகர மாட்டார்கள்.

உறுதிசெய்ததும் பழைய எண்ணிக்கை குறைந்து புதியது ஏறத் தொடங்கும். ஒவ்வொருவரின் சர்வரும் தனித்தனியாகச் சரிபார்ப்பதால் சில மணி நேரம் ஆகலாம். பொறுமையிழந்து மறுபடி முயன்றாலும் நடக்காது, அடுத்த 30 நாட்களுக்கு அந்தக் கணக்கை மறுபடி நகர்த்த முடியாது. மாஸ்டடானோடு இணைந்து இயங்கும் வேறு மென்பொருள்களில், இந்த மாறும் வசதி இல்லாதவற்றில் இருந்து உங்களைப் பின்தொடர்பவர்கள் கடைசிவரை பழைய கணக்கிலேயே நிற்பார்கள். அவர்களுக்குத் தனியாகச் சொல்லியனுப்புங்கள்.

எண்ணிக்கை ஏறவே இல்லையா? புதிய கணக்கைப் பூட்டி (நீங்கள் அனுமதித்தால்தான் பின்தொடர முடியும்படி) வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பூட்டிய கணக்கில் ஒவ்வொருவரும் கோரிக்கையாகத்தான் வந்து நிற்பார்கள். நகர்த்தும் முன்பே பூட்டைத் திறந்துவிட்டு, எல்லோரும் வந்தபின் மூடுவது நல்லது.

சொல் வடிகட்டிகளும் சுயவிவரமும் தானாக வராது, கையால்தான் எழுத வேண்டும். உங்கள் வலைத்தளத்தில், அது உங்களுடையதுதான் என்று மாஸ்டடானுக்குக் காட்டும் சரிபார்ப்பு இணைப்பு வைத்திருந்தால் அதையும் புதிய முகவரிக்கு மாற்றுங்கள்.

பழைய கணக்கை அழிக்காதீர்கள். பழைய இணைப்பு வழியே தேடி வருபவர்களுக்குப் புது முகவரியைக் காட்ட அது இருந்தாக வேண்டும்.

பழைய சர்வர் மூடப்போவதாக அறிவித்திருந்தால் இன்றே மாறுங்கள், அது உயிரோடு இருக்கும்வரைதான் இதெல்லாம் முடியும். மாஸ்டடானின் அதிகாரபூர்வப் பட்டியலில் உள்ள சர்வர்கள் மூடுவதற்கு 3 மாதம் முன்பே சொல்வதாக ஒப்புக்கொண்டவை. முதல்முறை சர்வர் தேடுபவர்கள் அந்தப் பட்டியலிலிருந்தே எடுங்கள்.