ஈபேயில் கைத்தறி விற்கிறீர்களா? வாங்குபவரோடு கதைக்கும் முறை

இலங்கையின் மருதமுனைத் தறிகளில் நெய்த சாறி, சாரன், மேசை விரிப்பு எல்லாம் நான் ஈபே என்ற இணையச் சந்தையில் ஏலத்துக்குப் போடுகிறேன். ஊரில் என்னிடம் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது கணக்கு எப்படித் திறப்பது, காசு எந்த வழியால் வரும் என்பதுதான். அதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிடும். பழகக் கஷ்டமானது வாங்குபவரோடு கொள்ளும் உறவு. அவர் நம் வாசலுக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. நாம் எழுதிய நாலு வரி, சில படங்கள், நம் பெயருக்குப் பக்கத்தில் நிற்கிற ஃபீட்பேக் எண் (முன்பு வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளின் கணக்கு), இவ்வளவுதான் அவருக்குத் தெரியும். அந்த எண்ணைக் காப்பாற்ற வேண்டுமானால் விளக்கம் எழுதும்போதே அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

கோபமாக எழுதுகிறவர்களில் அதிகம் பேர் ஏமாற்றுக்காரர் இல்லை. நினைத்தது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று என்பதுதான் அவர்கள் கோபம். அதனால் அளவை மீற்றரிலும் அங்குலத்திலும் எழுதுங்கள். இரண்டு மீற்றர் சாரன் அமெரிக்கக்காரருக்கு 78.7 அங்குலம். படத்தைக் காலை வெளிச்சத்தில் எடுங்கள், துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளையும் வையுங்கள். தாளின் வெள்ளையை வைத்து நிறத்தை அவர் மட்டுக்கட்டுவார். கைத்தறியில் அங்கங்கே நூல் தடித்து முடிச்சுப்போலத் தெரியும். நமக்கு அது அழகு, மில் துணி மட்டும் பார்த்தவருக்கு அது பழுது. அந்த இடத்தைக் கிட்டப்போய் ஒரு படம் எடுத்துப் போட்டு, "இது கையால் நெய்ததன் அடையாளம்" என்று கீழே எழுதிவிடுங்கள். முதல் கழுவலில் சாயம் கொஞ்சம் விடும் என்றால் அதையும் மறைக்காதீர்கள். யாராவது ஏலம் கேட்ட பிறகு எழுதியதை விருப்பத்துக்கு மாற்ற முடியாது.

ஏலம் சூடு பிடிப்பது கடைசி நிமிடங்களில். கேள்விகளும் அப்போதுதான் வரும். லண்டனில் ஞாயிறு இரவு எட்டு மணி என்றால், குளிர்காலத்தில் நமக்குத் திங்கள் அதிகாலை ஒன்றரை. அந்த நேரம் விழித்திருக்க முடியாதென்றால் ஏலம் முடியும் நேரத்தை மாற்றிப் போடுங்கள். பதில் கிடைக்காதவர் ஏலம் கேட்கமாட்டார், இல்லாவிட்டால் தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு ஏலம் கேட்பார். இரண்டாவதுதான் பிறகு நமக்குத் தலையிடி.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கனடாவிலோ சுவிஸிலோ இருக்கிற சொந்தக்காரரைக் கொண்டு விலையை ஏற்றிக் கேட்க வைக்கிற யோசனையை யாராவது சொன்னால் காதில் போடாதீர்கள். ஈபே அதைத் தடை செய்திருக்கிறது, பிடிபட்டால் கணக்கே போகலாம். அதைவிடப் பெரிய விஷயம், உண்மையாக வாங்க வந்த ஒரு மனிதரின் பணத்தைப் பொய்யால் கூட்டி எடுக்கிறோம் என்பது. எங்கள் வாப்பா முழம் போட்டுத் துணி விற்ற காலத்தில் இப்படி ஒரு வியாபாரம் செய்யவில்லை.

புலம்பெயர்ந்த நம்மவர்களிடமிருந்து வருகிற அன்பான கேள்வி இன்னொன்று. "தங்கச்சி, ஈபேக்கு ஏன் வீணாகக் கொமிஷன் குடுக்கிறீங்க? வட்ஸ்அப் நம்பரைத் தாங்க, நான் நேரா காசு போடுறன்." மறுப்பது கஷ்டம்தான், ஊர்ப் பாசத்தோடு கேட்கிறார்கள். ஆனாலும் ஈபேயில் சந்தித்த ஒருவரோடு வெளியே பேரம் முடிப்பது விதிக்கு மாறு, சிக்கல் வந்தால் இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு இல்லை. "ராத்தா, உங்கட காசுக்கும் என்ர பேருக்கும் பாதுகாப்பு இங்கதான் இருக்கு, இதிலயே எடுங்க" என்று எழுதுவேன். யாரும் இதுவரை மனம் நோகவில்லை.

ஏலத்தில் வென்றவர் காசு கட்டவில்லை என்றால் பதறாதீர்கள். அவருக்கு நான்கு நாள் அவகாசம் இருக்கிறது. இரண்டாம் நாள் மரியாதையாக ஒரு நினைவூட்டல் போதும். நான்கு நாளும் கடந்தால் "காசு கட்டவில்லை" என்ற காரணத்தோடு விற்பனையை ரத்துச் செய்துவிட்டு, அடுத்த இடத்தில் நின்றவருக்கு அவர் கேட்ட விலையிலேயே இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம்.

காசு வந்ததும் எப்போது அனுப்புவேன் என்று திகதியோடு எழுதுங்கள். போயா (பௌர்ணமி) தினத்தில் தபாற்கந்தோர் இல்லை. பெருநாள், சித்திரைப் புத்தாண்டு என்று விடுமுறைகள் வரும், மார்கழி மழையில் கல்முனை றோட்டும் வெள்ளமாகும். பொதியை அனுப்பும் அவகாசத்தை ஒரு நாள் என்று போட்டு வீரம் காட்டுவதை விட, நாலு நாள் என்று போட்டு இரண்டாம் நாளே அனுப்புவது மேல். துணியைப் பொலித்தீனில் சுற்றிய பிறகே உறைக்குள் வையுங்கள், நம் கரையோரத்து ஈரம் பொல்லாதது. பதிவுத் தபாலில் சிறு பொதி இரண்டு கிலோவுக்குள் போகும். கிடைக்கிற இலக்கம் இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், முடிவில் எல்கே என்று இருக்கும். அதே இலக்கத்தை ரோயல் மெயிலிலோ அவுஸ்திரேலியத் தபாலிலோ போட்டுப் பார்க்கலாம் என்பது வாங்குபவர் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லி ஒரு செய்தி அனுப்பிவிட்டால் "எங்கே என் பார்சல்" என்கிற கடிதங்கள் பாதி குறையும்.

சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்று எழுதுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள் என்று கேட்பார்கள். முடியாது என்று தெளிவாகச் சொல்லுங்கள், அது பொய் அறிவிப்பு. அமெரிக்காவில் 800 டொலருக்கு உட்பட்ட பொதிகளுக்கு இருந்த வரிவிலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே அங்கே அனுப்பும் நிலைமையைத் தபாற்கந்தோரில் விசாரித்த பிறகே பொருளைப் போடுங்கள். வரி வரலாம் என்பதையும் விளக்கத்தில் முன்கூட்டியே எழுதுங்கள்.

பொருள் வரவில்லை என்று அவர் முறைப்பாடு திறந்தால் மூன்று வேலை நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அந்த மூன்று நாளும் மௌனமாக இருந்தால் அவர் சொல்வது மட்டும்தான் நிற்கும். பொருள் சொன்னபடி இல்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவும் நம் தலையில்தான். லண்டனிலிருந்து ஒரு சாரன் திரும்பி வருகிற செலவைக் கணக்குப் பார்த்தால், துணியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டு முழுக் காசையும் கொடுப்பது பல நேரம் லாபம். இதற்காக விற்ற காசு முழுவதையும் உடனே நூலுக்குக் கொடுத்துவிடாமல் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

இனி ஃபீட்பேக். வாங்குபவருக்கு அதை எழுத 60 நாள் இருக்கிறது. நாம் அவருக்குக் கெட்டதாக எழுத முடியாது; 2008இலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு நல்லது மட்டும்தான் எழுதலாம். அதற்கு முன் இரு பக்கமும் பழிக்குப் பழி எழுதிக்கொண்டிருந்தார்கள், வாங்குபவர் பயந்து உண்மையைச் சொல்லவில்லை. இந்த மாற்றம் சரியானது என்றே நான் நினைக்கிறேன். காசு வந்த அன்றே நான் என் பக்கத்து நல்ல வார்த்தையை எழுதிவிடுகிறேன், பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு நெகட்டிவ், அதாவது கெட்ட ஃபீட்பேக், பெரிய அடி. இருபது நல்லதும் ஒரு கெட்டதும் என்றால் 95.2 வீதம். இருநூறில் ஒன்று என்றால் 99.5. ஆகவே முதல் இருபது விற்பனையில் விலை உயர்ந்த சாறியைப் போடாதீர்கள். மேசை விரிப்பு, கைக்குட்டை போன்ற சின்னச் சாமான்களை விற்றுப் பேரை எடுங்கள்.

கெட்டது விழுந்துவிட்டதா? அன்றைக்கு ஒன்றும் எழுதாதீர்கள். அடுத்த நாள் அவருக்குத் தனியாக எழுதி, என்ன குறை என்று கேட்டு, முதலில் அதைத் தீர்த்துவிடுங்கள். அதன் பிறகு மட்டும் ஃபீட்பேக்கை மாற்றித் தரும்படி ஈபே வழியாக வேண்டுகோள் அனுப்பலாம். ஒரு விற்பனைக்கு ஒரு முறைதான் அனுப்ப முடியும், பத்து நாளுக்குள் அவர் சம்மதிக்க வேண்டும். குறையைத் தீர்க்காமல் அனுப்பினால் அந்த ஒரு வாய்ப்பும் வீண்.

அவர் மாற்றாவிட்டால் பொதுவில் ஒரு பதில் எழுதுங்கள். அதை வாசிக்கப்போவது அடுத்து வாங்க வருகிறவர், அவரை நினைத்து எழுதுங்கள். "சாயம் விட்டதற்கு வருந்துகிறோம், முழுக் காசும் திருப்பிக் கொடுத்தோம்" என்றால் போதும். காசு தராவிட்டால் நெகட்டிவ் போடுவேன் என்று மிரட்டுகிறவருக்கு மட்டும் பணியாதீர்கள். விளக்கத்தில் இல்லாத ஒன்றை ஃபீட்பேக்கைக் காட்டிக் கேட்பது விதிமீறல். அவர் எழுதியது ஈபேயின் செய்திப் பெட்டிக்குள் இருந்தால் முறையிடலாம், தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. பிறகு அவர் பெயரைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

வருகிற ஒவ்வொரு ஃபீட்பேக்கையும், நல்லதோ கெட்டதோ, நெய்தவருக்கும் சாயம் போட்டவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு ராத்தா தான் நெய்த சாறியை ஒரு பெண் மெல்பேர்ணில் கட்டிக்கொண்டு போனாள் என்று கேட்டால் அடுத்த பாவு நூலை இன்னும் கவனமாகத் தறியில் பூட்டுவார். சாயம் விட்டது என்ற முறைப்பாடு வந்தால் சாயம் போடுகிறவர் நூலை இன்னொரு தண்ணீரில் அலசுவார். புதுச் சாயம் வரும்போதெல்லாம் ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கிறோம். வெள்ளையில் நிறம் பிடித்தால் அந்தத் துணி ஊர்ச் சந்தைக்கும் போகாது, ஏலத்துக்கும் போகாது, மறுபடி அலசலுக்குத்தான் போகும்.