பென் டிரைவில் வரிசை மாறிய பாட்டுகள்

வருஷம் முழுக்கப் புதிதாய்க் கேட்டுப் பிடித்த 20 பாட்டுகளைக் கோத்து, டிசம்பரில் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துச் சொந்தங்களுக்குப் பென் டிரைவில் கொடுப்பேன். இந்த முறை முதலாவது, எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) காமன் கூத்தில் நானே போனில் பதிந்த தப்பு மேளம். மாமாவின் வேனில் போட்டால் அது பதினோராவதாக வந்தது. சத்தமும் அடங்கிக் கிடந்தது. மனசே விட்டுப்போச்சு. வரிசைதானே இதற்கு உயிர்!

பழைய பிளேயர்கள் பல, பெயரைப் பார்க்காமல் காப்பி பண்ணிய வரிசையிலேயே பாடும். டிரைவை ஃபேட் 32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, 01, 02 என்று பெயரிட்டு, ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். தப்பு மேளத்துக்கு மட்டும், அடி விழும் இடம் கரகரக்காமலிருக்க, சத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரும் தேவைப்பட்டது.

கொட்டகலை வளைவில் முதல் அடி விழுந்ததும் மாமா சத்தத்தைக் கூட்டினார்.